திரும்பிச் சுழன்ற சக்கரம்

1838 செப்டம்பரில் ஒரு நாள், ரஷ்யாவின் அன்றைய தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நேவா ஆற்றின் மேல் ஒரு வள்ளம் நகர்ந்தது. நீளம் சுமார் எட்டு மீற்றர். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறியிருந்தார்கள். துடுப்புப் போட ஆள் இல்லை, பாய் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஆனாலும் பக்கவாட்டில் இருந்த சக்கரங்கள் தாமாகவே சுழன்று தண்ணீரைத் தள்ளின. அந்தச் சக்கரங்களைச் சுற்றிய சக்தி, வள்ளத்துக்குள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த தொட்டிகளில் குமிழிட்டுக்கொண்டிருந்தது.

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் மோரிட்ஸ் ஜேக்கபி. ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் பிறந்து, கட்டடக்கலை படித்து, மின்சாரத்தின் மேல் கொண்ட மோகத்தால் தொழிலையே மாற்றிக்கொண்டவர். 1834இல் அவர் செய்த மோட்டார் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கொலாயின் காதுக்கு எட்டியது. பணம் கிடைத்தது, உலகைச் சுற்றிவந்த மாலுமி குரூசன்ஷ்டேர்ன் தலைமையில் ஆய்வுக்குழுவும் அமைந்தது. செப்பும் துத்தநாகமும் கொண்ட 320 மின்கலங்கள் வள்ளத்தில் ஏறின. இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு கிடைத்த வேகம் மணிக்கு இரண்டரைக் கிலோமீற்றர் அளவுதான். கரையில் ஒரு கிழவர் தடியூன்றி நடந்திருந்தால் வள்ளத்தை முந்தியிருப்பார்.

ஜேக்கபி சளைக்கவில்லை. மறு வருடமே கலங்களை மாற்றினார். பிளாற்றினமும் நைத்திரிக் அமிலமும் சேர்ந்த புதிய கலங்களுக்கு வலு கூட. வேகம் நான்கு கிலோமீற்றர் வரை ஏறியது. ஆனால் அமிலத்திலிருந்து கிளம்பிய புகையின் நெடி மூச்சை அடைத்தது. ஓட்டுபவர்கள் இடையிடையே வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. செலவோ அதைவிடக் கொடுமை. ஓடும் ஒவ்வொரு நாழிகையும் துத்தநாகம் கரைந்து தீர்ந்தது. நிலக்கரியை எரிப்பது போல அந்த வள்ளம் உலோகத்தை எரித்தது. மின்கலங்களோடு மல்லாடிய அதே காலத்தில், கலத்துக்குள் செம்பு படலமாகப் படிவதை ஜேக்கபி கவனித்திருந்தார். அதிலிருந்து மின்அச்சு என்ற தொழில் பிறந்தது. புகழும் பரிசும் அந்த வழியாகவே அவருக்கு வந்தன. வள்ளம் கரையேறியது. மின்சாரத்தில் ஓடும் வள்ளம் ஒன்று மறுபடி தண்ணீரில் இறங்க நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

அந்த நாளில் இலங்கையின் கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி ஆற்றில் புதுமை என்று சொல்ல ஒரு பாலம் இருந்தது. பேராதனையில் 1833இல் முதிரை மரத்தால் ஒரே வளைவாகக் கட்டிய பாலம். 205 அடி அகல ஆற்றை நடுவில் ஒரு தூணும் ஊன்றாமல் தாண்டியது. பாலத்துக்குக் கீழே ஆறு தன் போக்கில் வேகமாக இறங்கியது. நேவாவில் நடந்த பரிசோதனைக்கும் இந்த ஆற்றுக்கும் ஒரு சம்பந்தம் ஏற்படவிருந்தது. ஆனால் அதற்கு முன் ஒருவர் கம்பியைத் தவறான இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது.

ஜேக்கபியின் தோல்வியில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று, உலோகத்தைத் தின்று தீர்க்காத மின்கலம் வேண்டும். மற்றது, எடைக்கேற்ற வலுவுள்ள மோட்டார் வேண்டும். முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே. 1859இல் இரண்டு ஈயத் தகடுகளைப் பாய்போலச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்சாரத்தைச் செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. தீர்ந்தால் மறுபடி நிரப்பலாம். இன்று மோட்டார் வாகனங்களில் கிடக்கும் ஈய அமிலப் பற்றரியின் பாட்டன் அதுதான். நிரப்புவதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

அதற்கு விடையாக வந்தது டைனமோ. பெல்ஜியத்துக்காரர் செனோப் கிராம் 1870களின் தொடக்கத்தில் செய்த டைனமோவை நீராவி எஞ்சினோடு பூட்டினால் தடையில்லாமல் மின்சாரம் வந்தது. 1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தபோது அவருடைய இயந்திரங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இன்னொன்று சும்மா நின்றது. தொழிலாளி ஒருவர் ஓடுகிற இயந்திரத்தின் கம்பிகளைக் கைத்தவறாக நிற்கிற இயந்திரத்தில் மாட்டிவிட்டார் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அடுத்த கணம், நீராவியோ பட்டியோ தொடாத அந்த இரண்டாவது இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்கியது.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். சுற்றினால் மின்சாரம் தரும் இயந்திரம், மின்சாரம் கொடுத்தால் சுற்றுகிறது! டைனமோவும் மோட்டாரும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள் என்று தத்துவமாக அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஆனால் உண்மையான வேலை செய்யும் அளவில் அது கண்முன் சுழன்றது அங்கேதான். கிராமின் கூட்டாளி ஃபொந்தேன் நேரத்தை வீணாக்கவில்லை. நீண்ட கம்பியின் ஒரு முனையில் டைனமோவும் மறுமுனையில் அதேபோன்ற இன்னோர் இயந்திரமும் வைத்து, ஒரு நீர்ப்பம்பியை ஓட்டிக் காட்டினார். மின்சாரத்தால் தண்ணீரைத் தள்ள முடியும் என்று தெரிந்துவிட்டது. வள்ளம் என்பதும் ஒருவகையில் தண்ணீரைத் தள்ளும் இயந்திரம்தானே என்று பாரிசில் ஒருவருக்குத் தோன்றியது.

அவர் குஸ்தாவ் த்ரூவே. மணிக்கூட்டுப் பட்டறையில் கைபழகியவர். எதையும் சிறிதாகச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பித்து. ஐந்து கிலோ அளவு எடையில் ஒரு மோட்டாரைச் செய்து, 1881 மே மாதம் செய்ன் ஆற்றில் ஐந்தரை மீற்றர் நீளமான ஒரு வள்ளத்தில் பொருத்தினார். பொருத்திய இடத்தில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது. மோட்டாரை வள்ளத்தின் வயிற்றில் வைக்காமல் சுக்கானின் தலையில் உட்காரவைத்தார். அங்கிருந்து ஒரு சங்கிலி கீழே இறங்கி, தண்ணீருக்குள் சுக்கானோடு சேர்ந்திருந்த விசிறியைச் சுற்றியது. சுக்கானைத் திருப்பும் இரண்டு கயிறுகளுக்குள்ளேயே மின்கம்பிகளும் ஓடின. வள்ளத்தைத் துளைக்கத் தேவையில்லை. வேலை முடிந்தால் சுக்கானோடு மோட்டாரையும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். உலகின் முதல் வெளியிணைப்பு இயந்திரம் அப்படித்தான் பிறந்தது. பெற்றோலில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பரவலாகச் சந்தைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது!

அதே ஆண்டில் கமீல் ஃபோர் என்பவர் பிளாந்தேயின் ஈயத் தகட்டில் ஈய ஒக்சைட்டைக் களிபோலப் பூசி, அது தாங்கும் மின்சாரத்தைப் பல மடங்காக்கினார். மறு ஆண்டில், ஆஸ்திரியாவிலிருந்து வந்து லண்டனில் வேலை செய்த அந்தோனி ரெக்கன்சோன், 45 சேமிப்புக் கலங்களை ஓர் இரும்பு வள்ளத்தில் ஏற்றித் தேம்ஸ் ஆற்றில் ஓடிக் காட்டினார். 1886இல் அவர் செய்தது இன்னும் துணிச்சலான காரியம். ‘வோல்டா’ என்ற வள்ளத்தில் டோவரிலிருந்து புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் கலே துறையைத் தொட்டு, ஒரே மின்னேற்றத்தில் திரும்பி வந்தார். வழியில் கடல் மேல் ஒரு பறவை தலையைச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்ததாம். வள்ளம் நெருங்கியதே அதற்குத் தெரியவில்லை. வள்ளத்திலிருந்தவர் கையை நீட்டி அதைப் பிடித்துவிட்டார். இப்படி ஓசையில்லாமல் ஓடும் வள்ளத்தை வெல்ல இனி எதனால் முடியும் என்று அன்று யார் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திராது.

பொற்காலம் பிறந்தது. தேம்ஸ் கரையில் மின்வள்ளங்கள் வாடகைக்கு ஓடின. அவற்றுக்கு மின்னேற்றும் நிலையங்கள் மிதந்தன. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியின் கால்வாய்களில் 55 மின்வள்ளங்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கின. ஆனால் அந்தப் பொற்காலத்துக்கு முடிவு கட்ட, அதே அமெரிக்காவின் ஏரி ஒன்றில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

1906இன் ஒரு கோடை நாள். விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியின் தீவில் நண்பர்களோடு உல்லாசமாக இருந்த ஓல் எவின்றூட் என்ற இளைஞரிடம், அவர் மணக்கவிருந்த பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாளாம். எவின்றூட் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது பாலாகிவிட்டது. கை கடுக்கத் துடுப்பு வலித்த அந்த இளைஞர் 1909இல் வள்ளத்தின் வாலில் மாட்டும் ஒன்றரைக் குதிரைவலுப் பெற்றோல் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரைச்சலும் புகையும் இருந்தன. இருந்தாலும் அது விற்றுத் தீர்ந்தது. காரணம் தராசில் இருந்தது. ஒரு கிலோ ஈயப் பற்றரி தாங்கும் சக்தி முப்பது, நாற்பது வாற்-மணிதான். ஒரு கிலோ பெற்றோலுக்குள் பன்னிரண்டாயிரம் வாற்-மணி அடங்கியிருந்தது. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்த பிறகும் எஞ்சியது பற்றரியைப் பல மடங்கு மிஞ்சியது. மின்வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஆனால் ஓசைக்கு இடமில்லாத ஒரு ஏரியில் அவை தப்பிப் பிழைத்தன.

பவேரியாவில், செங்குத்து மலைகளுக்கிடையே கிடக்கும் கோனிக்ஸே ஏரி அது. எவின்றூட் எஞ்சின் சந்தைக்கு வந்த அதே 1909இல் அங்கே மின்வள்ளங்கள் பயணிகளை ஏற்றத் தொடங்கின; இன்றுவரை நிற்கவில்லை. நடு ஏரியில் மோட்டாரை நிறுத்திவிட்டு வள்ளக்காரர் எக்காளம் ஊதினால், அந்த அமைதியில் பாறைகள் எதிரொலிப்பது பயணிகளுக்குத் தெளிவாகக் கேட்கும். அமெரிக்காவிலோ மீன் தூண்டில்காரர்கள் மோட்டாருக்கு உயிர் கொடுத்தார்கள். இரைச்சலுக்கு மீன் ஓடும். துடுப்புப் போட்டால் தூண்டில் பிடிக்கக் கையிராது. 1934இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட், ஃபோர்ட் மொடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதோடு ஒரு நெகிழ்தண்டும் விசிறியும் சேர்த்தார். பெற்றோல் எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே செய்த மோட்டார், எஞ்சினைக் கைவிட்டு வள்ளத்தைத் தள்ளியது. மின்னெசோட்டா, டகோட்டா எல்லையில் பிறந்ததால் அதற்கு ‘மின் கோட்டா’ என்று பெயர் வந்தது. த்ரூவேயின் எண்ணம் மறுபிறவி எடுத்திருந்தது. ஆனால் காலடியில் கிடந்த ஈயப் பற்றரியின் எடை மட்டும் குறையவே இல்லை.

வியன்னாவில் சுழன்ற சக்கரத்தின் மறுமுகம் இதற்குள் இலங்கையின் மலைகளில் வேலை தொடங்கியிருந்தது. நீரருவிகளால் தீவு முழுவதற்கும் விளக்கேற்றலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை எழுதி வைத்தார். அந்தக் கனவின் பெரிய படிகளில் ஒன்று மகாவலியில் எழுந்தது. கண்டிக்குக் கிழக்கே 122 மீற்றர் உயரத்தில் வளைந்து நின்ற விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. சுரங்கம் வழியே பாய்ந்த மகாவலி, 210 மெகாவாற் மின்சாரம் தரும் பிறப்பாக்கிகளைச் சுழற்றியது. கிராமின் டைனமோவுக்கு அவை கொள்ளுப்பேரர்கள். அணைக்குப் பின்னால் மலைகளின் கால்களை நனைத்தபடி ஒரு பெரும் நீர்ப்பரப்பு பரந்தது. ஆற்றில் நீர் இருந்தது, மின்சாரம் இருந்தது, மோட்டாரும் இருந்தது. குறையாக நின்றது இலேசான பற்றரி ஒன்றுதான். அதைத் தேடி அலைந்தவர்களில் ஒரு தமிழரும் இருந்தார்.

தென் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1985இல் ஒக்ஸ்போர்ட்டில் பற்றரி ஆய்வாளர் ஜோன் குடினஃபிடம் போய்ச் சேர்ந்தார். லித்தியம் பற்றரிக்கு விலையுயர்ந்த கோபால்ற்றை நம்பாமல், மலிவான இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்பது கேள்வி. வெறும் இரும்பு ஒக்சைட்டில் மின்னழுத்தம் போதவில்லை. சல்பேற்று போன்ற பல்லயன் கூட்டங்களோடு இரும்பைச் சேர்த்தால் அழுத்தம் உயர்கிறது என்று இருவரும் 1980களின் முடிவில் காட்டினார்கள். அவர்கள் திறந்த வழியில், பின்னாளில் ரெக்சாசில் குடினஃபின் குழுவில் இருந்த அக்‌ஷய பதியும் நஞ்சுண்டசாமியும் பொஸ்பேற்றைச் சேர்த்தார்கள். 1997இல் வெளிவந்த அந்த ஆய்வுதான் லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிக்கு விதை. எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றினாலும் தாங்கும், எடை, ஈயத்தின் மூன்றில் ஒரு பங்கு. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டொக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்தான். பற்றரியின் மறுமுனைக்கு வேண்டிய பொருளோ கண்டிக்கு அடுத்த மாவட்டத்திலேயே பூமிக்குள் கிடந்தது. கேகாலையின் போகலைச் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் கிராபைட்டின் தூய்மை உலகப் பிரசித்தம். லித்தியம் ஏறி இறங்கும் எதிர்முனையைப் பெரும்பாலும் கிராபைட்டால்தான் செய்கிறார்கள்.

இனிக் கதை வேகம் பிடித்தது. 2005இல் ஜெர்மனியின் ஸ்டார்ன்பேர்க் ஏரிக்கரையில் இருவர் தொடங்கிய டோர்கீடோ நிறுவனம், லித்தியம் பற்றரியைத் தலையில் சுமந்த வெளியிணைப்பு மோட்டார்களை உலகெங்கும் அனுப்பியது. 2017 ஜனவரியில் கேரளத்தின் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வேம்பநாட்டுக் காயலில் அது டீசலின் ஒரு துளியும் சிந்தவில்லை. இலங்கையில் இவையெல்லாம் தூரத்துச் செய்தியாகவே இருந்தன, 2022 வரை.

அந்த வருடம் எரிபொருள் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது, வாகனத்துக்கு வாரம் இத்தனை லீற்றர் என்று அளந்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் குடிப்பது அந்த மண்ணெண்ணெயைத்தான். பெற்றோல் வேண்டாத மோட்டார் என்பது ஏரி அமைதிக்கான ஆடம்பரம் என்ற நினைப்பு அன்றே உடைந்தது. கண்டிச் சுற்றுப்புறத்து வீட்டு முற்றம் ஒன்றிலும் அது உடைந்தது.

அந்த முற்றத்தில், மரக்குதிரைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது பதினான்கு அடி வள்ளம். கடல்தரப் பலகையை வளைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வளர்ந்த வள்ளம். உட்பலகையில் பென்சிலால் ஒரு கணக்கு எழுதியிருந்தது. இந்த நீளத்து வள்ளம் நீரைப் பிளந்து போகும் இயல்பான உச்சவேகம் மணிக்கு ஒன்பது கிலோமீற்றர். வேகத்தை இரட்டிப்பாக்கினால் வலு எட்டு மடங்கு வேண்டும். ஆகவே பேராசை வேண்டாம், ஆறு கிலோமீற்றர் போதும். அதற்கு ஒரு கிலோவாற்றே தாராளம். 48 வோல்ட், 100 அம்பியர்-மணிப் பற்றரி என்றால் கையில் 4.8 கிலோவாற்-மணி. ஐந்தில் ஒரு பங்கை இருப்பாக விட்டாலும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய ஓடலாம். அதே சக்தியை ஈயத்தில் சுமந்தால் 130 கிலோவுக்கு மேல். புதிய பற்றரியில் நாற்பது, நாற்பத்தைந்து கிலோ. பற்றரியை நடுவில் தாழ வைக்க வேண்டும், கம்பி தடிப்பாக இருக்க வேண்டும், பற்றரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். நேவாவில் 320 கலங்களால் முடியாதது, ஒரு பயணப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் அடங்கிப்போயிருந்தது.

வாலில் தொங்கப்போகும் மோட்டார் சுவரில் சாய்ந்து நின்றது. மேலே ஒரு கைப்பிடி, நடுவே ஒரு தண்டு, கீழே விசிறி. கழற்றி ஒரு கையால் தூக்கலாம். 1881இல் செய்ன் ஆற்றங்கரையில் நின்றவர்கள் பார்த்திருந்தால், த்ரூவேயின் சுக்கான் என்று உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

மின்னேற்ற ஏற்பாடு கணக்கின் கடைசி வரிகளில் இருந்தது: வீட்டுச் செருகியில் இரவு முழுவதும். அந்தச் செருகிக்கு வரும் மின்சாரத்தின் ஒரு பங்கு, மலைக்கு அப்பால் விக்டோரியா அணையின் கீழே பிறந்தது. அங்கே மகாவலி சக்கரத்தைச் சுற்றியது, மின்சாரம் பிறந்தது. அனுமதி பெற்று அந்த நீர்த்தேக்கத்தில் வள்ளம் இறங்கும் நாளில், அதே மின்சாரம் சக்கரத்தைச் சுற்றி மகாவலியைத் தள்ளும். வியன்னாவில் கம்பியை மாற்றி மாட்டிய அந்தத் தொழிலாளி கண்டது இதைத்தான்.

கணக்குக்குக் கீழே, பலகையின் ஓரத்தில், வேகம் ஆறு கிலோமீற்றர் என்று முடிவு செய்ததற்குக் காரணமும் ஒரு வரியில் எழுதியிருந்தது. தெல்தெனியப் பக்கம் நீருக்கு மேல் தலைநீட்டும் பட்டமரங்களில் விடியற்காலையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். அவற்றை ஒட்டி வள்ளம் போக வேண்டும். ஒன்றுகூடப் பறக்கக் கூடாது.